சோற்றுக்குப் பின் ஒரு மணி நேரம்

காங்கேயத்தில் அரிசி ஆலை நடத்தும் குடும்பத்துக்குச் சர்க்கரை நோயைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று கேட்பவர்கள் உண்டு. இந்தச் சுற்று வட்டாரத்தில் சோற்றின் மேல் விழும் பழியெல்லாம் முதலில் எங்கள் வாசலுக்குத்தான் வருகிறது என்பதே என் தகுதி. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரர், "அரிசியை விட்டு ஆறு மாதம் ஆகிறது அம்மிணி, இப்போது சாமையும் வரகும்தான்" என்கிறார். ஆலையில் விற்ற மூட்டைகளுக்கெல்லாம் நான் இலையில் உட்கார்ந்தபடியே பதில் சொல்ல வேண்டும் என்ற தோரணை. சில்லறைக்கு மூட்டை எடுக்க வருகிறவர்கள், "சர்க்கரை ஏற்றாத அரிசி ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்கிறார்கள். அப்படி ஓர் அரிசி இருந்திருந்தால் முதலில் நானே விலையை ஏற்றியிருப்பேன்.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது. 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, இன்னும் 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய படியில். ஆனால் என்னிடம் அரிசியைப் பற்றிக் கேட்பவர்களில் பலர் இந்த இரண்டு கூட்டத்திலும் இல்லை. சோதனைச் சீட்டில் எல்லாம் 'நார்மல்' என்று வந்தவர்கள். நானும் அந்தக் கூட்டம்தான். நாற்பதைத் தாண்டியவள், வெறும் வயிற்றில் சர்க்கரை தொண்ணூறை ஒட்டி, மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்.பி.ஏ.1சி 5.4. மருத்துவர் சீட்டைப் பார்த்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடும் வகை.

அப்படிப்பட்டவளின் மேற்கையில் சர்க்கரையை இடைவிடாமல் அளக்கும் ஒரு சென்சார் வந்து ஒட்டிக்கொண்டது என் நாத்தனார் மகனால். கோவையில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறான். அவன் போகும் உடற்பயிற்சிக் கூடத்தில் நோயே இல்லாத பிள்ளைகள்கூட இதை ஒட்டிக்கொண்டு, எதைத் தின்றால் எவ்வளவு ஏறுகிறது என்று கைப்பேசியில் பார்த்துக்கொள்கிறார்களாம். அமெரிக்காவில் மருத்துவர் சீட்டு இல்லாமலே வாங்கக்கூடிய சென்சாருக்கு 2024 மார்ச்சில் முதன்முறையாக அனுமதி கொடுத்தார்கள். அதிலிருந்து இந்த மோகம் பெருகிவிட்டது. அவன் வாங்கியதில் மீந்த இரண்டு வில்லைகளை எனக்கும் என் கணவருக்கும் ஒட்டிவிட்டுப் போனான். ஒரு வில்லை இரண்டு வாரம் வேலை செய்யும்.

நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வெள்ளை வில்லை. அடியிலிருந்து ஒரு மெல்லிய இழை அரை சென்டிமீட்டர் அளவுக்குத் தோலுக்குள் இறங்கியிருக்கும். வலியில்லை. பலர் நினைப்பதைப் போல இது ரத்தத்தை அளப்பதும் இல்லை. செல்களுக்கு நடுவில் ஊறி நிற்கும் நீரில் உள்ள குளுக்கோஸைத்தான் அளக்கிறது. ரத்தத்தில் ஏறியது அந்த நீரில் தெரிய ஐந்து முதல் பதினைந்து நிமிடம் ஆகும். அந்தக் கைமேல் சாய்ந்து படுத்துவிட்டால் அழுத்தத்தில் அளவு பொய்யாகக் கீழே போகும். முதல் இரவே நடுச்சாமத்தில் கைப்பேசி அலறியது, சர்க்கரை 58 என்று. என் கணவர் கருப்பட்டியை எடுக்கச் சமையலறைக்கு ஓடினார். விரலில் குத்திப் பார்த்தால் 91. கருப்பட்டியை அவரே தின்றுவிட்டுப் படுத்தார்.

சென்சார் கைப்பேசியில் வரையும் வளைகோட்டைப் படிப்பதற்கு முன்னால் ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். கணக்குப் பிள்ளை வேலை பார்ப்பவள் என்பதால் எனக்கு இதுதான் முதலில் பிடிபட்டது. பெரியவர் ஒருவரின் உடம்பில் சுமார் ஐந்து லிட்டர் ரத்தம். வெறும் வயிற்றில் டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம் என்றால், ஓடும் ரத்தம் முழுவதிலும் இருக்கும் குளுக்கோஸ் ஐந்தே கிராம், ஒரு தேக்கரண்டி. மதியம் ஒரு தட்டுச் சோறு, முந்நூறு கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதில் எண்பது கிராமுக்கு மேல் மாவுச்சத்து இருக்கிறது. அத்தனையும் சில மணி நேரத்தில் குடலைக் கடந்து உள்ளே வருகிறது. ஆனாலும் நல்ல உடம்பில் பெரும்பாலும் அந்த ஐந்து கிராம் ஏழு கிராம் ஆவதற்குள் மறுபடி இறங்கத் தொடங்கிவிடுகிறது. உணவு வருகிறது என்று குடல் முன்கூட்டியே கணையத்துக்குச் சொல்லி அனுப்புகிறது. கணையம் இன்சுலினை விடுகிறது. அதுவரை தன் இருப்பிலிருந்து சர்க்கரையை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த கல்லீரல் நிறுத்திக்கொள்கிறது. தசைகள் இழுத்துக்கொள்கின்றன. கைப்பேசியில் தெரியும் மேடு இத்தனை பேர் வேலையின் மிச்சம்.

மேடு எவ்வளவு இருந்தால் சரி? அமெரிக்காவில் நீரிழிவு இல்லாத 153 பேருக்கு, ஏழு வயதுப் பிள்ளை முதல் எண்பது வயதுப் பெரியவர் வரை, சென்சார் ஒட்டிப் பார்த்து 2019இல் வெளியிட்டார்கள். சராசரி 98, 99 என்ற அளவில் நின்றது. நேரத்தில் 96 சதவீதம் 70க்கும் 140க்கும் நடுவில். நாளில் சுமார் அரை மணி நேரம் 140க்கு மேல். ஆக, ஆரோக்கியமானவர்களுக்கும் 140 தாண்டத்தான் செய்கிறது. தாண்டிவிட்டு உடனே திரும்பி வந்துவிடுகிறது.

இதற்கு ஒரு வருடம் முன்னால் வந்த ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வுதான் பலர் தூக்கத்தைக் கெடுத்தது. மைக்கேல் ஸ்னைடரின் குழு 57 பேரைப் பின்தொடர்ந்து, அவர்களின் ஏற்ற இறக்கத்தை மிதம், நடுத்தரம், கடுமை என்று மூன்று வகையாகப் பிரித்தது. வழக்கமான சோதனைகளில் தேறியவர்களிலும் சிலருக்கு நாளின் ஒரு பகுதி நீரிழிவு அளவைத் தொட்டுவிட்டு வந்தது. கார்ன்பிளேக்சையும் பாலையும் கொடுத்தபோது 80 சதவீதம் பேருக்கு 140 தாண்டியது. "உங்களுக்கே தெரியாமல் நீங்கள் நோயாளி" என்கிற தொனியில் இந்தச் செய்தி உலகம் முழுக்கப் பரவியது.

இந்தத் தொனி எனக்குப் பிடிக்கவில்லை. 140, 200 என்ற எல்லைகள் எங்கிருந்து வந்தவை? இரவெல்லாம் பட்டினி இருந்து, 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் ரத்தத்துக்கு வைத்த எல்லைகள். சாப்பிட்ட நாற்பதாவது நிமிடம் தொட்டுவிட்டு இறங்கும் உச்சிக்கு அவற்றைப் பொருத்திப் பார்த்தால் ஊரில் பாதிப் பேர் நோயாளி ஆகிவிடுவார்கள். ஒரு மணி நேர அளவுக்கும் இப்போது தனியாக ஓர் எல்லை இருக்கிறது: அதே 75 கிராமைக் குடித்து ஒரு மணி நேரத்தில் 155 அல்லது அதற்கு மேல் போனால் கவனம் தேவை என்று சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2024இல் சொல்லியிருக்கிறது. அதுவும் குளுக்கோஸ் தண்ணீருக்குத்தான். அரிசியும் பருப்பும் சாதத்துக்கு இல்லை.

தமிழ்நாட்டுப் பெண்களுக்கு அந்தத் தண்ணீர் புதிதில்லை. கர்ப்பத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்து பெஞ்சில் உட்கார வைத்து, குமட்டக் குமட்டக் குடிக்க வைத்திருப்பார்கள். சென்னை மருத்துவர் வி.சேஷய்யா வற்புறுத்தி நடைமுறைக்குக் கொண்டுவந்த முறை அது. பட்டினி கிடந்து வர வேண்டியதில்லை, எப்போது வந்தாலும் குடிக்கலாம், இரண்டு மணி நேரத்தில் 140 என்பது எல்லை. நோய் இல்லாத பெண்ணின் உடம்பு சர்க்கரைக்கு எப்படிப் பதில் சொல்கிறது என்பதை அளக்கும் சோதனையை நம் ஊர்த் தாய்மார்கள் சென்சாருக்கு முன்பே பார்த்துவிட்டார்கள். அப்போது அளவு கூடியவர்கள் பிரசவத்தோடு அதை மறந்துவிடுகிறார்கள் என்பது வேறு வருத்தம். பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு அவர்களுக்குப் பல மடங்கு அதிகம்.

என் வளைகோட்டுக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் வாரத்தில் ஒரு நாளாவது அரிசியும் பருப்பும் சாதம் உண்டு. துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம் போட்டு ஒன்றாக வேகவைத்து, மேலே நெய். அதே சட்டி, அதே கரண்டி, அதே அளவு. ஒரு நாள் உச்சம் 130ஐத் தொடவில்லை. இன்னொரு நாள் 155 தாண்டியது. இரண்டுக்கும் நடுவில் மாறியது என் தூக்கம் ஒன்றுதான். 155 தாண்டிய நாளுக்கு முந்தைய இரவு இரண்டு மணிக்கு நெல் லாரி வந்து, எடை போட்டு முடிய விடிந்துவிட்டது. சிகாகோவில் இளைஞர்கள் பதினொரு பேரை ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் தூங்க விட்டுப் பார்த்த ஆய்வு 1999லேயே வந்திருக்கிறது. குளுக்கோஸை ரத்தத்திலிருந்து அப்புறப்படுத்தும் வேகம் அவர்களுக்கு வெகுவாகக் குறைந்தது. அத்தனை பேரும் நல்ல ஆரோக்கியமானவர்கள்.

ஒரே ஆளுக்கே இப்படியென்றால் ஆளுக்கு ஆள் எப்படி இருக்கும்? இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் 2015இல் 800 பேரை வைத்து இதைப் பார்த்தது. ஒரே ரொட்டி ஒருவருக்கு மேட்டையும் இன்னொருவருக்குச் சமதளத்தையும் கொடுத்தது. பிரிட்டனில் ஆயிரம் பேருக்கு மேல் பார்த்த 2020 ஆய்வில் ஒரே கருவில் பிரிந்த இரட்டையர்கள்கூட ஒரே உணவுக்கு வெவ்வேறாகப் பதில் சொன்னார்கள். இதையெல்லாம் கேட்டு, எனக்கென்று ஓர் உணவுப் பட்டியலைச் சென்சாரே போட்டுத் தரும் என்று நம்பிவிடவும் கூடாது. இரண்டு நிறுவனங்களின் சென்சார்களை ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் ஒட்டிப் பார்த்த அமெரிக்க ஆய்வில், எந்த உணவு அதிகம் ஏற்றியது என்ற வரிசையிலேயே இரண்டும் ஒத்துப்போகவில்லை. ஒரு தடவை ஏறியது என்பதற்காக இட்லியை வீட்டைவிட்டுத் துரத்துகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ஆலையில் மூட்டை தூக்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். ஐம்பதைத் தாண்டியவர். அறுபது எழுபது கிலோ நெல் மூட்டையைத் தோளில் வாங்கிக்கொண்டு பலகை ஏறி அட்டியில் அடுக்குவார். மதியம் தூக்குப்போசியைத் திறந்தால் கொள்ளு ரசம் ஊற்றிய சோறு, நாங்கள் மூன்று பேர் சாப்பிடும் அளவு. நான் விரலில் குத்திப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "எனக்கும் ஒரு தடவை குத்துங்கள் அம்மிணி, இந்த ஊசிக்கு என் சோறு தெரிகிறதா என்று பார்க்கலாம்" என்று காய்த்துப்போன விரலை நீட்டினார். அந்தத் தோலில் ஊசி இறங்கவே இரண்டு முறை அழுத்த வேண்டியிருந்தது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. 118. "அவ்வளவுதானா?" என்று ஏமாற்றத்தோடு கேட்டுவிட்டு அடுத்த லாரிக்குப் போய்விட்டார்.

ஒரு துளி ரத்தத்தை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. விரலில் குத்தும் கருவியே பதினைந்து சதவீதம் முன்பின் காட்டலாம். ஆனால் அந்த 118க்குப் பின்னால் உள்ள காரணம் நன்றாகத் தெரிந்ததுதான். பெரியவர் ஒருவரின் தசைகளில் நானூறு கிராம் அளவுக்கும் கல்லீரலில் நூறு கிராம் அளவுக்கும் சர்க்கரையைக் கிளைக்கோஜனாக அடுக்கி வைக்கலாம். காலையிலிருந்து மூட்டை தூக்கியவரின் தசைகள் காலிக் கிடங்கு. வரும் லாரியெல்லாம் நேரே உள்ளே போய்ச் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும். கணக்குப் புத்தகத்தோடு நாற்காலியில் உட்கார்ந்திருப்பவளின் கிடங்கில் நேற்றைய சரக்கே கிளம்பவில்லை. லாரிகள் வாசலில் வரிசை கட்டி நிற்கின்றன. கைப்பேசி காட்டும் உயரம் அந்த வரிசையின் நீளம். போதாததற்கு, சுருங்கி விரியும் தசைக்குக் குளுக்கோஸை இழுத்துக்கொள்ள இன்சுலினின் உதவிகூட வேண்டியதில்லை. நாள் முழுக்க மூட்டை தூக்க வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. 2013இல் அமெரிக்காவில், சர்க்கரை சற்றுக் கூடியிருந்த முதியவர்களைச் சாப்பாட்டுக்குப் பின் பதினைந்து நிமிடம் மூன்று வேளையும் நடக்க வைத்தார்கள். ஒரே மூச்சில் முக்கால் மணி நேரம் நடப்பதற்கு அது குறைவில்லாமல் பலன் தந்தது. இரவு உணவுக்குப் பிந்தைய ஏற்றத்தைப் பிடிப்பதில் அதுவே மேலாகவும் இருந்தது. எங்களிடம் நெல் காயப்போடும் களம் இருக்கிறது. டிரையர் வந்தபின் அது பெரும்பாலும் சும்மாதான் கிடக்கிறது. மதியச் சாப்பாடு முடிந்து அதைச் சில சுற்று சுற்றினால் என் மேடு கண்ணுக்குத் தெரியத் தாழ்ந்தது. வேறு எதற்கும் அது இவ்வளவு ஒழுங்காகக் கட்டுப்படவில்லை.

அரிசியை முழுக்க விடுவித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். நெல் ஆலைக்குள் என்ன ஆகிறது என்பதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறவள் நான். புழுங்கல் அரிசிக்கு நெல்லைத் தொட்டியில் ஊறவைத்து, உமி எரியும் பாய்லரின் நீராவியில் அவித்து, காயவைத்து, பிறகுதான் அரைக்கிறோம். அவிக்கும்போது அரிசிக்குள் மாவு வெந்து, ஆறும்போது இறுகுகிறது. அப்படி இறுகிய மாவில் ஒரு பகுதி செரிக்க நேரம் எடுக்கும். தவிட்டிலுள்ள பி1 வைட்டமினும் ஓரளவு உள்ளே இறங்கிவிடுகிறது. இதுவரை நல்ல கதை. பிறகு தீட்டல். உமி நீங்கிய அரிசியின் எடையில் எட்டு முதல் பத்து சதவீதம் வரை தவிடாகப் போகிறது. தவிடு மாட்டுக்கும் எண்ணெய் ஆலைக்கும் போகிறது, வெள்ளை வெளேரென்று மிச்சம் நமக்கு. மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் அளந்தபோது பொன்னி அரிசியின் கிளைசீமிக் குறியீடு, அதாவது ஓர் உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்று சொல்லும் எண், 70ஐ ஒட்டி வந்தது. 70 அல்லது அதற்கு மேல் என்றால் 'அதிகம்' என்ற பட்டியல். அதே நிறுவனம் 2014இல் உடல் பருத்த பதினைந்து பேருக்குச் சென்சார் ஒட்டி, சில நாள் வெள்ளை அரிசி, சில நாள் தீட்டாத அரிசி, சில நாள் தீட்டாத அரிசியோடு பருப்பு என்று மாற்றி மாற்றிக் கொடுத்தது. தீட்டாத அரிசிக்கு முழு நாள் ஏற்றம் ஏறக்குறைய இருபது சதவீதம் குறைந்தது. பருப்பும் சேர்ந்தபோது 23 சதவீதத்துக்குப் பக்கத்தில்.

சரி, தீட்டாமல் விற்றுவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். விற்றுப் பார்த்தோம். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை பிடிக்கிறது, வண்டு விழுகிறது, வேக அதிக நேரமும் விறகோ கேஸோ அதிகமும் ஆகிறது. நடுவில் நிற்கும் ஒற்றைத் தீட்டல் அரிசியை வாங்கிப் போனவர்கள் ஒரு வாரத்தில் வந்து, "பழுப்பாக இருக்கிறதே, பழைய சரக்கா?" என்கிறார்கள். சர்க்கரை ஏற்றாத அரிசி கேட்டவர்கள்தான் இவர்களும். (25 கிலோ வரை பையில் அடைத்து விற்றால் ஐந்து சதவீத ஜி.எஸ்.டி. என்று 2022 ஜூலையில் வந்தது. மறுநாளிலிருந்து ஊரெல்லாம் 26 கிலோ மூட்டை ஆகிவிட்டது. விலைக்காக ஒரு கிலோ சேர்த்துச் சுமக்கத் தயாராக இருந்த ஊர், நிறத்துக்காக ஓர் இழை தவிட்டைச் சேர்த்துத் தின்ன மாட்டேன் என்கிறது.)

சிறுதானியம் என்றால் சர்க்கரை ஏறாது என்ற நம்பிக்கை இன்னொரு பக்கம். என் அம்மாயி ஊர்ப் பக்கம் கீழ்பவானி வாய்க்கால் வருவதற்கு முன் கம்பும் சோளமும் ராகியும்தான். 1955இல் பவானிசாகர் அணை முடிந்து, இருநூறு கிலோமீட்டர் வாய்க்காலில் தண்ணீர் ஓடிய பிறகுதான் நெல்லுச்சோறு தினச் சோறு ஆனது. அதுவரை நோம்பிக்கும் விருந்தாளிக்கும் மட்டும். அம்மாயி தின்ற கம்பஞ்சோறு உரலில் இடித்தது, பாதி உடைந்து பாதி முழுசாக இருக்கும். மென்றுதான் விழுங்க வேண்டும். இப்போது கடையில் கிடைக்கும் ராகி மாவு பவுடர் போல நைசாக அரைத்தது. அதைத் தண்ணீராகக் காய்ச்சி, பால் ஊற்றி, 'ஹெல்த் மிக்ஸ்' என்று ஒரே மூச்சில் குடித்தால் எனக்குச் சோற்றைவிட வேகமாக ஏறியது. ராகியிலும் நூறு கிராமுக்கு எழுபது கிராமை ஒட்டி மாவுச்சத்துதான். நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் கூடுதல், அதில் மறுப்பில்லை. அதே ராகியைக் கெட்டியாகக் களி கிண்டிக் கீரையோ கொள்ளுப்பருப்போ தொட்டுத் தின்ற நாளில் கோடு சாந்தமாக இருந்தது. நாட்டுச் சர்க்கரை பற்றி ஒரே வரி: கவுந்தப்பாடியிலிருந்து வந்தாலும் அது சர்க்கரைதான், ரத்தத்துக்கு அதன் நிறம் தெரியாது.

சாப்பிடும் வரிசைக்கும் பங்கு உண்டு. நியூயார்க்கில் நீரிழிவு உள்ள சிலருக்கு அதே உணவைக் காய்கறியும் இறைச்சியும் முதலில், ரொட்டியும் பழச்சாறும் கடைசியில் என்று கொடுத்தபோது ஒரு மணி நேர அளவு முப்பது சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. அது 2015இல் வந்த ஆய்வு. நோய் இல்லாதவர்களிடமும் இதே போக்கு தெரிந்திருக்கிறது. நம் பந்தியோ இனிப்பில் தொடங்குகிறது. பெருந்துறைப் பக்கம் ஒரு கல்யாணத்தில் நான் இலையில் உள்ள பொரியல், கூட்டு, அவரைக்காய், எல்லாவற்றையும் முதலில் காலி செய்துகொண்டிருந்தேன். பரிமாறும் பையனுக்குப் புரியவில்லை. சோற்று வாளியோடு மூன்று முறை வந்து நின்றான். கடைசியில் பெண் வீட்டுப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். அவர் குனிந்து, "என்னம்மா, சோறு வேகவில்லையா?" என்று மெல்லக் கேட்டார். உங்கள் ஆலை அரிசிதான் என்று சேர்த்துச் சொன்னார். நான் அவசரமாகச் சோறு வாங்கிக்கொண்டேன். விருந்தில் அறிவியலுக்கு இடமில்லை. வீட்டில் செய்யலாம்.

நேரமும் கணக்குத்தான். பாஸ்டனில் ஆரோக்கியமானவர்களை வைத்து, வெளிச்சத்தையும் தூக்கத்தையும் கட்டுப்படுத்திச் செய்த 2015 ஆய்வில், ஒரே உணவு காலை எட்டு மணிக்குத் தந்த ஏற்றத்தைவிட இரவு எட்டு மணிக்கு 17 சதவீதம் அதிகம் தந்தது. உடம்பின் உள் கடிகாரமே அதற்குக் காரணம். திருப்பூரில் ஏற்றுமதி ஆர்டர் நெருக்கும் மாதங்களில் ஷிப்ட் முடிந்து பதினொரு மணிக்குப் புரோட்டாக் கடையில் கூட்டம் அலைமோதும். அந்தப் பிள்ளைகள் இருபதுகளில் இருக்கிறார்கள், நாளெல்லாம் நின்று வேலை செய்கிறார்கள், இன்று ஒன்றும் தெரியாது. அவர்களிடம் மைதா கெட்டது என்று சொல்வதைவிட, எட்டு மணிக்கு அரை மணி நேரம் சாப்பாட்டு இடைவேளை விடுங்கள் என்று கம்பெனிக்காரர்களிடம் சொல்வது பயன் தரும்.

இவ்வளவு சொன்ன பிறகும், சென்சார் காட்டாத ஒன்று இருக்கிறது. அதை என் கணவரின் கோடுதான் எனக்குக் கற்றுக் கொடுத்தது. அவர் கோடு என்னுடையதைவிடச் சமதளம். நான் 150 தொட்ட சாப்பாட்டுக்கு அவர் 130. கைப்பேசியைக் கல்லாப்பெட்டி மேல் நிறுத்திவைத்து வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார். ஆனால் சென்சாருக்குக் குளுக்கோஸ் மட்டும்தான் தெரியும். அந்தக் குளுக்கோஸை அடக்கக் கணையம் எவ்வளவு இன்சுலின் விட்டது என்பது தெரியாது. பத்து பேர் செய்யும் வேலையை முப்பது பேர் செய்து முடித்தாலும் முடிந்த வேலை ஒன்றுதானே. பிரிட்டனில் அரசு ஊழியர்களைப் பல வருடம் பின்தொடர்ந்து 2009இல் வெளியிட்ட ஆய்வு சொல்வது இதுதான்: நீரிழிவு வந்தவர்களுக்கு, நோய் உறுதியாவதற்குப் பல வருடங்கள் முன்பே இன்சுலினுக்கு உடம்பு கொடுக்கும் மதிப்பு குறையத் தொடங்கிவிட்டது, சர்க்கரை அளவோ கடைசி மூன்று வருடத்தில்தான் சட்டென்று ஏறியது. அதுவரை சீட்டு 'நார்மல்'.

நம் மக்களுக்கு இது கூடுதல் கவலை. புனேயின் மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனின் ஜான் யூட்கினும் சேர்ந்து நின்று எடுத்த ஒரு படம் 2004இல் லான்செட் இதழில் வந்தது. இரண்டு பேருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஒன்றேதான், 22.3. உடம்பிலுள்ள கொழுப்பு மட்டும் யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. அந்தக் கொழுப்பு கல்லீரலைச் சுற்றியும் வயிற்றுக்குள்ளும் சேரும்போதுதான் இன்சுலின் செல்லாக்காசாகத் தொடங்குகிறது. அதை அளக்கச் சில ஆயிரம் ரூபாய் வில்லை தேவையில்லை, தையல்கடை டேப் போதும். தெற்காசியருக்கு இடுப்புச் சுற்றளவின் எல்லை ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. அதோடு ரத்த அழுத்தம், டிரைகிளிசரைடு என்னும் ரத்தக் கொழுப்பு, எச்.டி.எல். என்னும் நல்ல கொழுப்பு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்.

ஜாக்கெட் தைக்க வந்த டேப் வீட்டில் கிடந்தது. என் கணவரை நிறுத்தி, மூச்சை உள்ளிழுக்காமல் நிற்கச் சொல்லி, தொப்புளுக்குச் சற்று மேலே சுற்றினேன். 97. டேப் பழசு, இழுபட்டிருக்கும் என்றார். இழுபட்ட டேப் குறைத்துத்தான் காட்டும் என்றேன். ரத்தம் கொடுத்து வந்த சீட்டில் டிரைகிளிசரைடு 200க்கு மேல், எச்.டி.எல். 40க்குக் கீழ். சர்க்கரை மட்டும் அழகாக 96. மருத்துவரிடம் கைப்பேசியை நீட்டி வளைகோட்டைக் காட்டினார். அவர் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இரவுச் சாப்பாட்டு நேரத்தையும் ஆலையில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார் என்பதையும் கேட்டார்.

இப்போது மதியத்தில் களத்தைச் சுற்ற எனக்குத் துணை இருக்கிறது. நெல் புரோக்கர்களோடு பேச வேண்டிய பேச்சையெல்லாம் அந்த நேரத்துக்கு ஒதுக்கிக்கொண்டு, கைப்பேசியைக் காதில் வைத்தபடி எனக்கு நாலடி பின்னால் வருகிறார். விலை படியாத நாட்களில் ஒன்றிரண்டு சுற்று கூடுதலாகிறது. மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். சீட்டில் கொழுப்புச் சோதனையும் கல்லீரல் சோதனையும் எழுதியிருக்கின்றன.